தேன்மொழியின் ஐந்து நிமிடம்

மே 4, ஞாயிறு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: வேலூர், சத்துவாச்சாரி, மாவு மில்லுக்குப் பக்கத்து மாடி வீட்டில் நெடுங்காலம் ஓயாது உழைத்துவந்த குளிர்சாதனப் பெட்டி அவர்கள், இன்று முற்பகல் அணைக்கப்பட்டு, மாலை வரை யாராலும் நினைவுகூரப்படாமல், தம்முள் அடக்கமாயிருந்த இரண்டு பாக்கெட் பாலையும் ஒரு கிண்ணம் தயிரையும் இழந்து வாடுகிறார். தயிர் ஏற்கெனவே புளித்திருந்ததால் அந்த இழப்பு மட்டும் ஈடுசெய்யக்கூடியது.

அணைத்தது நான். காரணம், கலை.

ஃப்ரிட்ஜ் ஓடினால் வீடியோவில் பின்னணியில் 'ம்ம்ம்' என்று யாரோ தலையாட்டிக்கொண்டே இருப்பதுபோல் கேட்கும். ஆகவே படம் எடுக்கும்போது அதை அணைக்க வேண்டும். மறுபடி போட மறக்காமலிருக்க, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். வெளியே கிளம்பும்போது சாவியைத் தேடுவோம், ஃப்ரிட்ஜ் ஞாபகத்துக்கு வரும். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வது. நான் அம்மாவின் ஸ்கூட்டி சாவியை வைத்தேன். அம்மா இன்று வெளியே கிளம்பவே இல்லை. யுக்தியில் குறை இல்லை, அம்மாவிடம்தான் குறை.

"ஃப்ரிட்ஜுக்குள்ள சாவி வச்சது யாருடா?"

"வெயிலா இருக்கே, ஜில்லுனு வண்டி ஓட்டட்டுமேன்னுதாம்மா."

அடி விழவில்லை. அக்காவுக்காக என்பதால் பொதுமன்னிப்பு.

அக்கா என்றால் தேன்மொழி. வயது இருபத்தைந்து. அவள் பாடம் எடுத்த பள்ளிக்கூடம் இந்தக் கோடையோடு இழுத்து மூடப்பட்டது. இப்போது கோயம்புத்தூரில் ஏதோ ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்கு மனு போட்டிருக்கிறாள். அவர்களுக்கு இவள் பட்டம் வேண்டாம், பாடம் வேண்டுமாம். ஏழாம் வகுப்பு அறிவியல், ஒளி, ஐந்து நிமிட வீடியோ. வெட்டு ஒட்டு எதுவும் கூடாது, ஒரே மூச்சில் எடுத்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

தேறாவிட்டால் ஓசூர். மாமா அங்கே ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டரில் நம்பர் தட்டுகிற வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஹாஸ்டல் சோறு. பத்தொன்பதாம் தேதி சேர வேண்டும்.

எனக்கு இரண்டும் சம்மதம். அவள் ஓசூர் போனால் ஜன்னல் வைத்த அறை எனக்கு.

மே 5, திங்கள்

செல்போனில் ஒத்திகை பார்த்தோம். வானத்தில் அக்னி நட்சத்திரம், வீட்டில் தேன்மொழி நட்சத்திரம். இரண்டையுமே நேராகப் பார்க்க முடியவில்லை.

என்னைத் திட்டும்போது கால்புள்ளிகூட இல்லாமல் கொட்டுகிறவள், போனைத் தூக்கிப் பிடித்ததும் பீரோ ஆகிவிட்டாள். "வணக்கம் மாணவர்களே. இன்று நாம் ஒளி... ஒளி... ஒளியைப் பற்றிக் காண இருக்கிறோம்." ரயில்வே அறிவிப்புக் குரல். அடுத்து ஜோலார்பேட்டை வழியாகச் செல்லும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். பெயர் தேன்மொழி. கேமராவைப் பார்த்தால் தேன் குளிர்காலத் தேனாக உறைந்துவிடுகிறது.

ஒரு படைப்பாளி இதைச் சும்மா விட முடியாது. அவள் 'ஒளி' என்று திக்கிய இடத்தில் எல்லாம் ஒரு காக்காய்க் குரலைச் சேர்த்தேன். "இன்று நாம் கா, கா, கா." பிரமாதமாக வந்தது. குடும்ப குரூப்பில் போட்டேன். ஆம்பூர் பெரியம்மா ஒரு வரிசை நிறையச் சிரிப்பு முகம் அனுப்பினார். சித்தப்பா, "வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே தேனு காக்கா பிடிக்க ஆரம்பிச்சிடுச்சா" என்று எழுதினார். அவருக்கு வருடத்துக்கு ஒரு ஜோக் வரும், அதையும் என் செலவில் போட்டுக்கொண்டார்.

தேன்மொழி சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். பாதித் தோசையோடு எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நகைச்சுவையை ரசிக்க இந்த வீட்டில் ஆள் கிடையாது. மீதித் தோசையை நான் சாப்பிட்டேன்.

மே 6, செவ்வாய்

தேன்மொழி என்னோடு பேசவில்லை. ஃப்ரிட்ஜ் சத்தம் தெளிவாகக் கேட்கிறது.

மே 7, புதன்

காலையில் அப்பாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "வேணாம்ப்பா. நான் ஓசூருக்கே போயிடறேன். கேமராவப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது." அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எல்லாப் பிரச்சினைக்கும் பவர் மாற்றிப் பார்க்கலாம் என்று நம்புகிறவர். "இன்னொரு தடவ பாருமா" என்று மட்டும் சொன்னார்.

தரமான கருவி இல்லாததுதான் பிரச்சினை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்பாடிக்குப் போனேன்.

காட்பாடியில் என் நண்பனின் அண்ணன் பெனடிக்ட் கல்யாண வீடியோ எடுக்கிறார். படம் எடுப்பதில் அவருக்கும் பாம்புக்கும் ஒரே வித்தியாசம், பாம்பு ஆல்பம் போடாது. அவருடைய வீடியோக்களில் மணப்பெண் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழுவாள், மாப்பிள்ளை நிலாவில் உட்கார்ந்து பல் காட்டுவார், கடைசியில் இரண்டு பேரும் ஒரு இதயத்துக்குள் போட்டு அரைக்கப்படுவார்கள். இப்படிப்பட்டவரிடம் நல்ல கேமரா இருப்பது காலக்கொடுமை.

"சனிக்கெழம சாயங்காலம் நானே வந்து எடுத்துக்குவேன். ரிசப்ஷன் இருக்குது. லென்ஸத் தொடாத. பேட்டரிய ஃபுல்லா ஏத்திக்க. ஓடும்போது செவப்பு லைட்டு எரியும், அது மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

லைட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க நான் என்ன டிராஃபிக் போலீஸா. தலையை மட்டும் ஆட்டினேன்.

தேன்மொழியிடம் கேமராவைக் காட்டியபோது, "இதுல எங்க காக்காய சேப்பே?" என்றாள். பேசிவிட்டாள். பதில் சொல்லாமல் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.

மே 8, வியாழன்

இன்று முழுவதும் ஆராய்ச்சி. இணையத்தில் வீடியோ எடுக்கக் கற்றுத்தருகிற அண்ணன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் தாடி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் ஊதா விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து "ஒண்ணும் வாங்க வேணாம் நண்பர்களே" என்று ஆரம்பித்து எதையாவது வாங்கச் சொல்லித்தான் முடிக்கிறார்கள். அவர்களைவிட நான் தேவலை. என் கண்டுபிடிப்புகள் பின்வருமாறு.

எதிரொலி. ஜன்னல் அறை காலிப் பாத்திரம் மாதிரி முழங்குகிறது. அம்மாவின் கம்பளி இரண்டைக் கதவில் தொங்கவிட்டேன். மளிகைக் கடையில் முட்டை அட்டைகள் வாங்கிவந்து சுவரில் ஒட்டினேன். எதிரொலி அப்படியே இருக்கிறது, ஆனால் அறையைப் பார்த்தால் ஸ்டூடியோ என்று நம்பலாம், அல்லது கோழிப்பண்ணை என்று.

வெளிச்சம். அப்பா கடையிலிருந்து, கண்ணாடி போட்டு முகம் பார்க்கிற மேஜைக் கண்ணாடியைத் தூக்கி வந்தேன். ஜன்னல் வெயிலை அதில் வாங்கித் தேன்மொழி முகத்தில் அடித்தேன். போலீஸ் விசாரணையில் உட்கார்ந்தவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "கண்ணு போச்சுடா பாவி" என்றாள். பிறகு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்தேன். அதே வெயில், முகத்தில் மெத்தென்று விழுந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கலைஞனுக்குக் காரணம் தேவையில்லை.

தெர்மாகோல் பிடிக்க ஆள் வேண்டும். கீழ் வீட்டு ஹாஜிராவை வேலைக்கு அமர்த்தினேன். ஏழாம் வகுப்புக்குப் போகப்போகிறது. வாய் மட்டும் காலேஜ்.

"எனக்கு இன்னா தருவீங்க?"

"படத்துல பேரு போடுவேன்."

"உங்க பேர இன்னான்னு போடுவீங்க?"

"இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கீர்த்திவாசன். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது."

"மூர்த்தி சிறுசுன்னு தெரியுது. மிச்சத்த படம் வந்தப்புறம் பாக்கலாம்ண்ணா."

இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குப் பெரியவர்களிடம் மரியாதை இல்லை.

கடைசியாக, என் மணிமகுடக் கண்டுபிடிப்பு. தேன்மொழி உறைந்துபோவதற்குக் காரணம் அந்தச் சிவப்பு லைட். அது எரிந்தாலே பாம்பைப் பார்த்த தவளை. போதாக்குறைக்கு அவள் மூக்குக்கண்ணாடியில் இரண்டு சிவப்புப் புள்ளி விழுந்து, பள்ளிக்கூடப் பிசாசு மாதிரி தெரிகிறாள். ஆகவே லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். கேமரா 'கீங்' என்று கத்துகிற சத்தத்தையும் அணைத்தேன். பக்கத்தில் விரிகிற குட்டித் திரையில் தன் முகத்தையே பார்க்கிறாள் என்பதால், அளவு பார்த்து வைத்ததும் அதையும் மடக்கிவிட ஏற்பாடு. இனி கேமரா ஓடுகிறதா தூங்குகிறதா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

இந்த யுக்தியை எந்தத் தாடி அண்ணனும் சொன்னதில்லை. உலகத்தில் நான்தான் முதல்.

மே 9, வெள்ளி

கரண்ட் இல்லை. ஜன்னல் அறையைச் சும்மா டேப் வைத்து அளந்தேன். என் கட்டில் ஒரு சாண் இடிக்கிறது. மட்டமான அறை. யார் கேட்டார்கள் இதை.

மே 10, சனி

படப்பிடிப்பு நடந்தேறியது.

காலையிலேயே ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைக்கப்பட்டன. சாவியை இம்முறை அப்பாவுடையதாக வைத்தேன். அவர் நிச்சயம் கடைக்குப் போவார். காலர் மைக்கை அக்கா துப்பட்டாவில் செருகினேன். பொத்தானைச் சோதனைக்காக ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன், நன்றாக அமுங்குகிறது. அதற்குள் அம்மா முருங்கைக்காய் பறிக்கக் கூப்பிட்டார். உலகத் தரமான இயக்குநரை மரம் ஏறச் சொல்லும் வீடு இது. பறித்துக் கொடுத்துவிட்டு வந்து, கையை உயர்த்தி, "ரோலிங்... ஆக்‌ஷன்" என்று சொல்லி அழுத்தினேன். ஹாஜிரா சிரித்தது. கண்டித்தேன்.

"வணக்கம் மாணவர்களே." அதே பீரோ.

கட். அவள் தண்ணீர் குடித்தாள். ரோலிங். பாதியில் மீன்காரர், "சங்கரா, மத்தி" என்று பின்னணி பாடினார். கட். ரோலிங். குக்கர் விசில். கட். ரோலிங். 'படுகோணம்' என்பதற்குப் பதில் 'பாடுகோணம்' என்றாள். படுகிற பாட்டுக்கு அதுவே பொருத்தம் என்றேன். முறைத்தாள். கட். இரண்டு டேக்குக்கு நடுவில் அவளும் ஹாஜிராவும் குசுகுசுவென்று பேசுவதும், நான் ரோலிங் என்றதும் அவள் முகம் இஸ்திரி போட்டதுபோல ஆவதுமாகவே போனது. வியர்வையில் துப்பட்டா ஒட்டிக்கொண்டது. குரலும் கம்ம ஆரம்பித்தது.

அப்போது பார்த்துப் பக்கத்து மாவு மில் ஓடத் தொடங்கியது. கட் சொல்லிவிட்டு, "யாரும் எதையும் தொடக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு மில்லுக்கு ஓடினேன். மில்காரர், "ஐஸ்கிரீம் கடைக்காரன நிறுத்தச் சொல்வியா நீ?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டு மில்லை நிறுத்தினார். அதற்குக் கூலியாக ஒரு மூட்டை அரிசியை உள்ளே இழுத்துப்போட வைத்தார். நான் மாவுப்பொடியில் குளித்துத் திருநீற்றுச் சாமியார் மாதிரி மாடி ஏறினேன்.

உள்ளே என்ன கண்டேன். படப்பிடிப்புத் தளத்தில் இரண்டும் பந்து விளையாடிக்கொண்டிருந்தன. நான் பசை போட்டு ஒட்டிய முட்டை அட்டை ஒன்று சுவரிலிருந்து பிய்க்கப்பட்டு மேஜை மேல் கிடந்தது. அப்பா கடைக் கண்ணாடி ஹாஜிரா மடியில். தேன்மொழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள், என்னைப் பார்த்து இன்னும் அதிகமாக.

"நான் அங்க மூட்ட தூக்கறேன், இங்க விளையாட்டா? பொறுப்பு வேணாம்?"

"மூஞ்சி வெள்ளையா இருக்குடா. தெர்மாகோல் வேணாம், இவனையே நிக்க வெச்சுக்கலாம் ஹாஜிரா."

இருபத்தைந்து வயது. எதிர்காலமே இதில்தான் இருக்கிறது. சிரிக்கிறாள்.

ரோலிங் என்றேன். உடனே பீரோ ஆனாள். ஆனால் இந்தமுறை திக்காமல், எங்கும் தடுக்காமல், மனப்பாடச் செய்யுளை ஒப்பிப்பதுபோல் ஐந்து நிமிடமும் முடித்துவிட்டாள். உயிர் இல்லை, ஆனால் பிழை இல்லை. அதற்குமேல் அவளிடம் குரலும் இல்லை. "இதையே அனுப்பிடு" என்றது கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கேட்டது.

மாலையில் பெனடிக்ட் வாசலில் நின்றுகொண்டே ஹாரன் அடித்தார். அவசர அவசரமாகக் கார்டில் இருந்ததையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றினேன். கோப்புகள் நிறைய இருந்தன, ஒன்றிரண்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிது. தரம் என்றால் கனம் இருக்கும். கார்டை அழித்துக் கேமராவோடு கொடுத்தேன்.

அப்பா இன்று கடைக்கு நடந்தே போய்விட்டாராம். சாவி கிடைக்கவில்லையாம். பால் மறுபடியும் திரிந்துவிட்டது.

மே 11, ஞாயிறு

வயிற்று வலி. எழுத ஒன்றுமில்லை.

மாலை. அக்கா சைகையில், அனுப்பியாச்சா என்று கேட்டாள். குரல் சுத்தமாகப் போய்விட்டது, மிளகுப் பால் குடிக்கிறாள். அனுப்பியாச்சு என்றேன். அனுப்பியது உண்மை. பெரிய கலைஞர்கள் சில முடிவுகளைத் தனியாகத்தான் எடுப்பார்கள்.

மே 12, திங்கள்

பாத்திரம் தேய்த்தேன். யாரும் சொல்லவில்லை. அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மே 14, புதன்

அப்பாவின் கடைக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுபோய் வைத்தேன். ஃப்ரிட்ஜைக் கழுவினேன். முட்டை அட்டைகளைப் பிய்த்து, சுவரில் ஒட்டிய பசையை ஸ்பூனால் சுரண்டினேன்.

"இன்னாடா ஆச்சு ஒனக்கு? மார்க் ஷீட் வந்துடுச்சா?" என்று கேட்டார் அம்மா. வேலை செய்தால் சந்தேகம், செய்யாவிட்டால் சாபம். இதுதான் குடும்பம்.

ஓசூர் மாமா போன் செய்தார். ஹாஸ்டலில் கட்டில் காலியாக இருக்கிறதாம், வாளியும் பூட்டும் மட்டும் கொண்டுவந்தால் போதுமாம். தேன்மொழி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். "நீ எப்ப இந்த ரூமுக்கு வர்றே?" என்றாள், சிரித்துக்கொண்டே, இன்னும் பாதிக் குரலில்.

"கட்டில் உள்ள வராது" என்றேன். ஒரு சாண் விவரத்தைச் சொல்லவில்லை.

மே 16, வெள்ளி

போன் வந்தது. கோயம்புத்தூர்.

தேன்மொழி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டாள், எதிரில் ஆள் இருப்பதுபோல. ஒரு அம்மாள் பேசினார். வீடியோவைப் பார்த்தார்களாம். வந்த வீடியோக்களில் பாதி, பலகைக்கு முன்னால் ஒப்பிப்பதாம். "உங்களுது ஒண்ணுதாங்க கொழந்தையப் பாத்து சொல்லிக் குடுத்தது. அந்த முட்ட அட்டை ஐடியா யாருதுங்க? அந்தப் பாப்பா யாரு?"

தேன்மொழி போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாப்பா இருந்த டேக் ஒன்றுகூட அவள் எடுத்ததில்லையே.

"பாப்பா கீழ் வீடுங்க மேடம்" என்றாள். அதுவரைக்கும் உண்மை.

நாளை காலை வீடியோ காலில் நேர்காணல். போனை வைத்ததும் என் காது அவள் கைக்குப் போயிற்று.

"எத அனுப்புன?"

வேறு வழியில்லாமல், என் கலைக் கொள்கையை விளக்கினேன். கேமரா ஓடுகிறது என்று தெரிந்தால் நீ உறைவாய். ஆகவே ஓடுவதுபோல் நடித்தபோது ஓடவிடாமல், ஓடாததுபோல் நடித்தபோது ஓடவிட்டேன். டேப் எதற்கு ஒட்டினேன்? திரையை ஏன் மடக்கினேன்? எல்லாம் திட்டம். நான் மில்லுக்குப் போனதுகூட உங்களைத் தனியாக விடுவதற்குத்தான். முன்னும் பின்னும் மட்டும் கத்தரித்தேன், நடுவில் கை வைக்கவில்லை. மறைந்திருந்து படம் பிடிக்கும் முறை என்று இதற்குப் பெயர்.

காதை விட்டாள். லேப்டாப்பில் அந்த ஐந்து நிமிடத்தை எல்லோரும் பார்த்தோம்.

ஹாஜிரா கண்ணாடியையும் தெர்மாகோலையும் மாற்றி மாற்றித் தூக்கி, "ரெண்டும் அதே வெயிலத்தான் திருப்புது. இது மட்டும் ஏன்க்கா கண்ணக் குத்துது?" என்று கேட்கிறது. தேன்மொழி அறையைச் சுற்றிப் பார்க்கிறாள். பந்தை எடுத்து மேஜையில் போடுகிறாள். "எங்க போச்சு?" "நேரா உங்க கைக்கு." சுவரிலிருந்து முட்டை அட்டையைப் பிய்த்து மேஜையில் வைக்கிறாள். "இப்ப நீ போடு." பந்து கட்டிலுக்கு ஓடுகிறது. மறுபடி போட்டால் ஜன்னலுக்கு. "பந்து மேல தப்பா?" "இல்லக்கா, அட்டை மேடு பள்ளம்." "அதேதான். ஒவ்வொரு கதிரும் ஒழுங்காத்தான் திரும்புது. கண்ணாடி வழவழன்னு இருக்குது, அதனால எல்லாக் கதிரும் சேந்தே திரும்பி ஒரே எடத்துல குத்துது. தெர்மாகோல் நம்ம கண்ணுக்குத்தான் வழவழ, ஒளிக்கு அது முட்டை அட்டை. சிதறிப் போய் எல்லா எடத்துலயும் கொஞ்சங் கொஞ்சமா விழுது. அதான் மெத்துனு இருக்குது."

அவள் உருவம் பாதி சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. ஒருமுறைகூடக் கேமராவைப் பார்க்கவில்லை. வணக்கம் மாணவர்களே இல்லை.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அப்பா, "கண்ணாடி நம்ம கடையோடது" என்றார்.

மே 17, சனி

வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே பாடம் எடுக்கலாம். ஓசூர் ஹாஸ்டல் கட்டில் வேறு யாருக்காவது.

நேர்காணலிலும் முதலில் உறைந்தாளாம். உடனே ஹாஜிராவைப் பிடித்து லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள்.

இனி என் புகழ். அப்பா கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் எல்லாம், எழுத்தைப் படிக்க வைப்பதற்கு முன்னால், என் கதையைச் சொல்லிவிட்டார். குடும்ப குரூப்பில் சித்தப்பா, "வருங்கால இயக்குநர்" என்று எழுதினார். ஆம்பூர் பெரியம்மா தன் பேத்தி காதுகுத்துக்கு என்னை முன்பதிவு செய்தார். நான் ஒரு குரல் பதிவில் என் முறையை விளக்கி அனுப்பினேன். "பார்ப்பவனுக்குத் தெரியாமல் எடுப்பவன் திருடன், நடிப்பவனுக்கே தெரியாமல் எடுப்பவன் கலைஞன்." நன்றாக வந்திருந்தது, இரண்டு முறை அனுப்பினேன்.

பெனடிக்ட் அண்ணனும் கேள்விப்பட்டுப் போன் செய்தார். நாளை காலை குடியாத்தத்தில் கல்யாணம். "யாருக்கும் தெரியாம நேச்சுரலா எடுக்கறியாமே. நீ வாடா. தாலி கட்டறத நீ புடி, நான் சைடுல நிக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். தாமரைப் பூவுக்கு விடிவுகாலம்.

மே 18, ஞாயிறு

குடியாத்தம் போகவில்லை. வயிற்று வலி என்று சொன்னேன். இது போன வாரத்து வயிற்று வலியின் தங்கை.

விஷயம் என்னவென்றால், ஒருவருடைய தாலி கட்டு. அதை மறுபடி எடுக்க முடியாது.

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தேன்மொழி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். நான் ஓரமாக ஒதுக்கி, 'பழைய கேள்வித்தாள்' என்று பெயர் வைத்து மூடியிருந்த ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தாள். பழைய கேள்வித்தாளை நான் சேர்த்து வைப்பேன் என்று நம்ப அவள் என்ன முட்டாளா. பெயர் வைப்பதில் கோட்டை விட்டேன்.

"உக்காரு. ஒண்ணு மட்டும் சொல்லு. நீ ஓடாத மாதிரி நடிச்சப்ப ஓட்டுனே. சரி. அப்ப எல்லா கிளிப்பும் ஏன்டா இப்படி முடியுது?"

போட்டுக் காட்டினாள். முதல் கிளிப். நான் முருங்கைக்காயோடு வருகிறேன், லென்ஸுக்கு முன்னால் நின்று தலைமுடியைச் சரி செய்கிறேன், கையை உயர்த்துகிறேன். "ரோலிங்... ஆக்‌ஷன்." இருட்டு. அடுத்தது. அவள் தண்ணீர் குடிக்கிறாள், நான் மூக்கை நோண்டுகிறேன், "ரோலிங்... ஆக்‌ஷன்." இருட்டு. அதற்கடுத்தது. இருட்டு. மாவுப்பொடி முகத்தோடு நான். "ரோலிங்." இருட்டு.

பிரஷ்ஷைத் திரும்ப வாய்க்குள் விட்டுக்கொண்டேன். வாய் நிறையப் பேஸ்ட்.

"எனக்கு முந்தாநாளே தெரியும்" என்றாள். "எவ்ளோ தூரம் அளக்கறேன்னு பாக்கலாம்னு இருந்தேன். நீ குடியாத்தம் வரைக்கும் அளந்துட்டே."

அந்தப் பெரிய கிளிப்பின் வாலையும் அவள் பார்த்திருக்கிறாள். கம்பெனிக்கு அனுப்பும்போது நான் கத்தரித்த வால். பந்து விளையாட்டு முடிந்ததும் ஹாஜிரா, "ஓசூருக்குப் போயிடுவீங்களாக்கா?" என்று கேட்கும். "போனா கீர்த்திக்கு ரூம் கெடைக்கும். நேத்து அளந்துட்டான்." "அந்தண்ணன் அழுவும்க்கா." "அவனா? ஓட்டறதுக்கு ஆள் இல்லையேன்னு வேணா அழுவான்." அப்புறம் சிரிப்பு, கதவு, மாவு. கம்பெனிக்குத் தேவையில்லாத பகுதி என்பதால்தான் கத்தரித்தேன். அழிக்கவில்லை என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

"போன ஞாயித்துக்கெழம இதப் பாத்தப்ப இன்னாடா பண்ணே?"

"வயித்து வலின்னு படுத்துட்டேன்."

"அழுதியா?"

"பேஸ்ட்டு கண்ணுல பட்டுடுச்சு" என்றேன். அது இன்றைக்கு. கேட்டது போன வாரம். அவள் திருத்தவில்லை.

மத்தியானம் குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர், தேன்மொழி. நான் வருகிறேன், கையை உயர்த்துகிறேன், ரோலிங், ஆக்‌ஷன், இருட்டு. இருட்டில் ஒரு காக்காய். மறுபடி நான், மறுபடி இருட்டு, மறுபடி காக்காய். வெட்டும் ஒட்டும் பிரமாதம். அவளுக்கு இது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மாவின் சிரிப்பு முகங்கள் இரண்டு வரிசை. காதுகுத்து முன்பதிவு ரத்து. சித்தப்பாவின் அடுத்த வருட ஜோக் இந்த வருடமே வந்துவிட்டது. ஹாஜிரா மாடிக்கு வந்து, "படத்துல எம் பேரே காணோமே" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனது.

பெனடிக்ட் அண்ணன் எழுதியிருந்தார்: "டேப்ப இன்னிக்கு மண்டபத்துலதான் பாத்தேன். நல்லவேள உரிச்சேன்."

ஆகவே, சகலமானவர்களுக்கும் மீண்டும். திட்டம் எதுவும் இல்லை. மறைந்திருந்து படம் பிடிக்கும் முறை என்று ஒன்று இருந்தால் எனக்கு அது தெரியாது. கேமராவில் இருப்பது ஒரே பொத்தான். ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். காலையில் சோதனைக்கு அழுத்தியபோதே அது ஓட ஆரம்பித்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டிய லைட்டை நான்தான் மூடி வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஓட வேண்டியபோதெல்லாம் நிறுத்தினேன், நிறுத்த வேண்டியபோதெல்லாம் ஓட்டினேன்.

ஒவ்வொரு முறையும். கையை உயர்த்திக்கொண்டு.